இருக்கும் என்று சொல்லாதவர்

"உங்க சாஃப்ட்வேர்ல 'தெரியாது'ன்னு போட இடம் இருக்கா?"

அவர் என்னிடம் கேட்ட முதல் கேள்வி அதுதான். வணக்கம் சொல்லவில்லை, உட்காரவும் சொல்லவில்லை. மேசையில் அட்டை கிழிந்த ஒரு தமிழ்ப் புத்தகம் இருந்தது. பக்கத்தில் கணினித் திரை சிவப்புக் கட்டம் ஒன்றைக் காட்டிக்கொண்டு நின்றிருந்தது.

ஊரப்பாக்கம் ஸ்டேஷனில் இறங்கி, ஷேர் ஆட்டோவில் கால் மணி நேரம் உள்ளே போனால் வரும் ஒரு தனியார் கல்லூரி. அதன் நூலகத்தில் அவருக்குத் தொழில்நுட்ப உதவியாளர் என்று பதவி. புதிதாக வரும் ஒவ்வொரு புத்தகத்துக்கும் பெயர், ஆசிரியர், பொருள், வருஷம், எந்த அலமாரி என்று எல்லாவற்றையும் கணினிப் பட்டியலில் பதிவது அவர் வேலை. நான் தாம்பரத்தில் ஒரு சிறிய மென்பொருள் கம்பெனியில் இருந்தேன். கல்லூரிகளின் பழைய பட்டியல்களை எடுத்து, எங்கள் புதிய மென்பொருளில் ஏற்றிக் கொடுப்பது என் வேலை. ஊரடங்கு முடிந்து, எல்லாக் கல்லூரிகளும் எல்லாவற்றையும் இணையத்துக்குக் கொண்டுபோகத் துடித்த நேரம். எனக்கு அப்போது நாற்பது நெருங்கிக்கொண்டிருந்தது. அவருக்கு என்னைவிட ஆறேழு வயது கூட இருக்கலாம். கடைசிவரை என்னை அவர் 'சார்' என்றார். நான் அவரை 'மேடம்' என்றேன்.

"தெரியாதுன்னு எதுக்கு மேடம் போடணும்?"

"இந்தப் புத்தகத்துல எந்த வருஷம் அச்சடிச்சாங்கன்னு இல்ல. வருஷம் போடாம உங்க திரை அடுத்த கட்டத்துக்கு விட மாட்டேங்குது."

"சும்மா ஆயிரத்துத் தொள்ளாயிரம்னு போட்டுட்டுப் போங்க மேடம். எல்லா லைப்ரரியிலயும் அப்படித்தான் போடறாங்க."

அவர் புத்தகத்தைப் பிரித்து ஒரு பக்கத்தை என் பக்கம் திருப்பினார். "இதுல டெலிவிஷனைப் பத்தி ஒரு அத்தியாயம் இருக்கு சார்."

நான் ஆபீசுக்குப் போன் போட்டு, வருஷம் கட்டாயம் என்கிற விதியை எடுக்கச் சொன்னேன். எங்கள் ஆட்கள் அதை எடுக்க மூன்று நாள் ஆனது. அந்த மூன்று நாளும் அவர் ஒரு புத்தகத்தைக்கூடப் பதியவில்லை. வந்த புத்தகங்களை மேசை மேல் வரிசையாக அடுக்கிவைத்துவிட்டு, முழங்கையை ஊன்றிக்கொண்டு என்னையே பார்த்தபடி இருந்தார். அந்த அடுக்கு ஏற ஏற எனக்குத்தான் வெட்கமாக இருந்தது.

மெல்லிய உடம்பு. பருத்திப் புடவை. கண்ணாடியைக் கயிறு கட்டிக் கழுத்தில் தொங்கவிட்டிருப்பார். வீடு தாம்பரம் கிழக்கில். கணவர் பள்ளிக்கூட ஆசிரியர். இவர் ஞாயிற்றுக்கிழமைகளில் சர்ச் பாடகர் குழுவில் பாடுவார். அவர் சபையின் ஆண்டறிக்கையில் 'பாடகர் குழு: இருபது பேர்' என்று அச்சடிக்கப் போனபோது, ப்ரூஃப் தாளில் அதை அடித்துவிட்டுப் பதினேழு என்று எழுதிக் கொடுத்தாராம். மூன்று பேர் வாயை மட்டும்தான் அசைக்கிறார்கள் என்பது அவர் வாதம். "போதகர் ஒரு மாசம் என்கிட்ட சரியாப் பேசல சார்" என்று சொல்லிவிட்டுச் சிரித்தார். அவர் சிரித்து நான் பார்த்தது மொத்தமே நாலைந்து தடவைதான்.

அவரால் பொறுக்கவே முடியாத ஒரு சொல் இருந்தது. 'இருக்கும்.'

அந்தப் புத்தகம் இருக்கா என்று கேட்டால், எந்த நூலகத்திலும் கவுன்ட்டரில் இருப்பவர் "இருக்கும், போய்ப் பாருங்க" என்றுதான் சொல்வார். இவர் எதிரில் யாரும் அப்படிச் சொல்ல முடியாது. "இருக்கா, இல்லையா? ரெண்டுல ஒண்ணு சொல்லுங்க. இருக்கும்னா என்ன அர்த்தம்? நீங்க பாக்கலன்னு அர்த்தம்" என்பார்.

ஒரு நாள் காலை அவரோடு ஒரே ஷேர் ஆட்டோவில் ஏறினேன். ஆட்டோக்காரர் ஊரப்பாக்கம் ஸ்டேஷன் வாசலில் ஆள் சேர்த்துக்கொண்டிருந்தார்.

"எப்பப்பா எடுப்ப?"

"இதோ எடுத்துருவேன்க்கா. குந்து."

"இப்ப எடுப்பியா, இன்னும் மூணு பேர் வரட்டும்னு நிப்பியா? அதைச் சொல்லு. நிப்பேன்னு சொன்னாலும் உக்காருவேன்."

"இன்னாக்கா நீ, காலைலயே பேஜார் பண்ணிகினு. மூணு பேர் வரணும்க்கா. போதுமா?"

"போதும்" என்று அவர் நிம்மதியாக உட்கார்ந்துகொண்டார். ஆட்டோ கிளம்பப் பத்து நிமிஷம் ஆனது. அவர் முகத்தில் கொஞ்சமும் கோபம் இல்லை. அவருக்குக் காத்திருப்பதில் ஒரு சங்கடமும் கிடையாது என்று அன்றைக்குத்தான் எனக்குப் புரிந்தது.

எங்கள் மென்பொருளோடு அவருக்கு இன்னொரு சண்டை ஆசிரியர் பெயரில் வந்தது. திரையில் குடும்பப் பெயருக்கு ஒரு கட்டமும் சொந்தப் பெயருக்கு ஒரு கட்டமும் இருந்தன. முன்பு எங்கள் ஆட்கள் பழைய பட்டியலை ஏற்றியபோது, தமிழ் எழுத்தாளர்களின் இனிஷியலை விரித்து, அப்பா பெயரைக் குடும்பப் பெயர்க் கட்டத்தில் போட்டுவிட்டார்கள்.

"இங்க பாருங்க சார். இந்தம்மா பதினோரு நாவல் எழுதியிருக்காங்க. பதினொண்ணும் அவங்க அப்பா பேர்ல போய் உக்காந்திருக்கு. அந்த மனுஷன் ஒரு வரிகூட எழுதல."

"தேடினா வந்துரும் மேடம். எந்தக் கட்டத்துல இருந்தாலும் எடுத்துக் குடுத்துரும்."

"தேடினா வரும். அகர வரிசையில பாத்தா? அப்பா பேர் தெரிஞ்சாத்தான் மகளைக் கண்டுபிடிக்க முடியும்னா, அது பட்டியலா சார், கல்யாணப் பத்திரிகையா?"

ஒவ்வொரு ஆசிரியராக எடுத்து அவரே திருத்தினார். முழுசாக இரண்டு மாதம் அந்த வேலையில் போனது. நூலகர் வந்து அவசரப்படுத்தினார். அவர் நல்ல மனிதர். ஓய்வு பெற இரண்டு வருஷம் இருந்தது. யார் சத்தம் போட்டாலும் பதறிவிடுவார். "இதையெல்லாம் யாரும்மா பாக்கப் போறாங்க?" என்றார். "நான் பாக்கறேனே சார்" என்றார் இவர்.

முதல் பெரிய தகராறு ஒரு பெண்ணால் வந்தது. கேளம்பாக்கத்தில் வேலை பார்த்துக்கொண்டே பகுதி நேரமாக ஆராய்ச்சி செய்கிறவர். இடுப்பில் ஒரு குழந்தையோடு, ஒரு வெள்ளிக்கிழமை மதியம் இரண்டு பஸ் மாறி வந்து சேர்ந்தார். எங்கள் இணையப் பட்டியலில் ஒரு மின்னிதழின் பெயரைப் பார்த்திருக்கிறார். வெளியாட்கள் நூலகத்துக்கு நேரில் வந்தால் இங்கே உட்கார்ந்து படித்துக்கொள்ளலாம். கணினியில் இணைப்பைத் தட்டினார். உங்களுக்கு அனுமதி இல்லை என்று வந்தது. மறுபடி தட்டினார். மறுபடியும் அதே. அந்த இதழுக்குக் கல்லூரி சந்தாவை நிறுத்தி வெகு நாளாகியிருந்தது. பட்டியலில் மட்டும் அது பத்திரமாக இருந்தது.

"இருக்குன்னு போட்டிருந்துச்சே மேடம்" என்றார் அந்தப் பெண். குழந்தை அழ ஆரம்பித்திருந்தது.

இவர் முகம் சிவந்துவிட்டது. மின்னிதழ்ப் பட்டியலைப் போட்டுவைத்தது இவர் இல்லை. கல்லூரி அலுவலகத்தில் யாரோ போட்டது. ஆனாலும் அந்தப் பெண்ணிடம், "தப்பு எங்க மேலதாம்மா. மன்னிச்சிருங்க" என்றார். குழந்தையைத் தன் மடியில் வாங்கி வைத்துக்கொண்டார். மூன்று நூலகங்களுக்குப் போன் போட்டு, அதே கட்டுரையை நகரத்துக் கல்லூரி ஒன்றிலிருந்து மின்னஞ்சலில் வரவழைத்துக் கொடுத்தார். அந்தப் பெண் கிளம்பியதும் இவர் மின்னிதழ்களை ஒவ்வொன்றாகத் திறந்து பார்க்க ஆரம்பித்தார். திங்கட்கிழமை மாலைக்குள், திறக்காத இதழ் ஒவ்வொன்றின் பதிவிலும் உலகத்தில் யார் தேடினாலும் கண்ணில் படும்படி ஒரு குறிப்பு ஏறியிருந்தது: 'இந்த இதழுக்கு இக்கல்லூரி இப்போது சந்தா செலுத்தவில்லை. இதற்காக இங்கே வர வேண்டாம்.'

கல்லூரிச் செயலாளர் செவ்வாய்க்கிழமை வந்தார். கல்லூரியின் சொந்தக்காரர் குடும்பத்து ஆள். கத்துகிற வழக்கம் இல்லை. எல்லோரையும் 'வாங்க, போங்க' என்றுதான் பேசுவார்.

"நம்ம காலேஜைப் பத்தி நாமளே போர்டு மாட்டுவோமா? எடுங்கம்மா அதை."

"சந்தா கட்டினா எடுத்துடறேன் சார்."

"கட்டும்போது கட்டுவோம்."

"அப்ப எடுக்கும்போது எடுக்கறேன்."

நூலகர் கைக்குட்டையை எடுத்து நெற்றியைத் துடைத்துக்கொண்டார். செயலாளர் என்னைப் பார்த்தார். நான் திரையைப் பார்த்தேன். கடைசியில் அந்த இதழ்களையே பட்டியலிலிருந்து மறைத்துவிடுவது என்று முடிவானது. அது இவருக்கும் சம்மதம்தான். "இல்லைன்னு எழுதித்தான் ஆகணும்னு இல்ல. இருக்கற மாதிரி தெரியாம இருந்தாச் சரி" என்றார்.

அடுத்த வருஷம் கல்லூரிக்குத் தரம் போட ஒரு மதிப்பீட்டுக் குழு வருவதாக இருந்தது. நூலகத்தில் மின்நூல்கள் எத்தனை என்று ஒரு கேள்வி உண்டு. முன்பு ஒரு நிறுவனம், ஒரு மாதம் இலவசமாகப் பார்த்துக்கொள்ளுங்கள் என்று ஆறாயிரத்துச் சொச்சம் மின்நூல்களைத் திறந்துவிட்டிருந்தது. ஒரு மாதம் முடிந்ததும் மூடிவிட்டார்கள். ஆனால் அந்தப் புத்தகங்களுக்கான பதிவுகள் ஒரு கோப்பில் அப்படியே இருந்தன. அந்தக் கோப்பைப் பட்டியலில் ஏற்றிவிட்டால், பார்க்கிறவர்களுக்கு ஆறாயிரம் புத்தகமும் நூலகத்தில் இருப்பதாகத் தெரியும்.

செயலாளர் நூலகரிடம் சொன்னார். நூலகர் இவரிடம் வந்தார்.

"முடியாது சார்."

"எனக்கு இன்னும் ஒரு வருஷம்தாம்மா இருக்கு."

"தெரியும் சார். நீங்க ரெண்டு நாள் லீவ் போட்டுட்டு வீட்டுல இருங்க. என்ன திட்டு வருதோ நான் வாங்கிக்கறேன். ஆனா இதைப் போட மாட்டேன்."

"எங்க வீட்டுல உடம்பு சரியில்லாம கிடக்கறா. இந்த நேரத்துல என்னை எங்கயாவது தூக்கி அடிச்சா நான் என்னம்மா பண்ணுவேன்?"

நான் இரண்டு மேசை தள்ளி உட்கார்ந்திருந்தேன். அவர் இளகிவிடுவார் என்று நினைத்தேன். அவர் கண்ணாடியைக் கழற்றித் தொங்கவிட்டுக்கொண்டு, நூலகரை ரொம்ப நேரம் பார்த்தார். கண் கலங்கியிருந்தது. "முடியாது சார்" என்றார் மறுபடியும். அந்த நிமிஷம் எனக்கு அவரைப் பிடிக்கவில்லை. இவ்வளவு கல்லாக ஒரு மனுஷி இருக்க வேண்டுமா என்று தோன்றியது.

அதனால் வேலை என்னிடம் வந்தது. என் மேலாளர் போனில், "கஸ்டமர் கேட்டாச் செய்ய வேண்டியதுதானே. உனக்கென்ன அதுல நஷ்டம்?" என்றார். நான் மறுநாள் காலை கல்லூரிக்குப் போய்க் கோப்பைத் திறந்தேன். அவர் எழுந்து வந்து என் நாற்காலிக்குப் பின்னால் நின்றார்.

"சார், ஒவ்வொரு பதிவுக்கும் கீழ அதைப் போட்டவங்க பேர் வருமில்ல?"

"வரும்."

"இதுல யார் பேர் வரும்?"

நான் பார்த்தேன். அந்த நூலகத்தின் பதிவுகள் எல்லாம் இயல்பாக அவர் பெயரில்தான் விழும். நாங்கள் அமைத்துக் கொடுத்தது அப்படி.

"என் பேர் வரக் கூடாது. உங்க பேர்ல போடுங்க."

"மேடம், அது சும்மா ஒரு..."

"சும்மான்னா உங்க பேரே இருக்கட்டும்."

என் பெயரில் உள்ளே நுழைந்து ஏற்றினேன். ஐந்து நிமிஷம்கூட ஆகவில்லை. ஆறாயிரத்துச் சொச்சம் பதிவு. ஒவ்வொன்றின் கீழும் என் பெயர். அவர் போய்த் தன் மேசையில் உட்கார்ந்து, அன்றைக்கு வந்திருந்த தாவரவியல் புத்தகத்தைப் பதிய ஆரம்பித்தார். அன்றே அந்தப் பதிவுகளை அவர் தொட முடியாதபடி அவருடைய அனுமதியைக் குறைக்கவும் செயலாளர் சொன்னார். அதையும் செய்தேன்.

குழு வந்த அன்று செய்முறை காட்ட என்னை வரச் சொல்லியிருந்தார்கள். அவரை லீவ் போடச் சொல்லியிருந்தார்கள். அவர் வந்திருந்தார். வாசகர்களுக்கான நாற்காலியில், கைகளைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தார். குழுவில் வயதான பெண் பேராசிரியர் ஒருவர் எண்ணிக்கையைப் பார்த்துவிட்டு, "ஏதாவது ஒண்ணைத் திறந்து காட்டுங்களேன்" என்றார். கோப்பில் யாருக்கும் இலவசமாகத் திறக்கிற புத்தகங்களும் கொஞ்சம் கலந்திருந்தன. அதில் ஒன்றைத் தயாராக வைத்திருந்தேன். திறந்தது.

"மேடம், நீங்களே ஒண்ணைத் தேடிப் பாருங்களேன்" என்று பின்னால் வாசகர் நாற்காலியிலிருந்து இவர் குரல் வந்தது.

பேராசிரியர் திரும்பிப் பார்த்தார். பிறகு அவரே பொருளாதாரத்தில் ஒன்றைத் தட்டினார். அனுமதி இல்லை என்று வந்தது.

"இன்னைக்கு சர்வர் கொஞ்சம் மந்தம்" என்றார் செயலாளர்.

"சர்வர் நல்லா இருக்கு மேடம்" என்றார் இவர், எழுந்து நின்று. "சந்தாதான் இல்ல."

எல்லோரும் அப்படியே நின்றோம். இதோ எல்லாம் உடையப் போகிறது என்று நினைத்தேன்.  பேராசிரியர் இவரைப் பார்த்தார், திரையைப் பார்த்தார், தன் கையிலிருந்த தாளைப் பார்த்தார். அதில் எண்ணிக்கைக்குத்தான் கட்டம் இருந்தது போலும். எதையோ எழுதிக்கொண்டு, "சரி, அடுத்து லேப் பாத்துடலாமா? லஞ்சுக்கு முன்னாடி முடிச்சுடலாம்" என்றார். போய்விட்டார்கள்.

அவ்வளவுதான். கல்லூரிக்கு நல்ல தரம் கிடைத்தது. வாசலில் பெரிதாக பேனர் கட்டினார்கள். அடுத்த வாரம் அவரைக் கல்லூரிப் பஸ்களைக் கவனிக்கும் அலுவலகத்துக்கு மாற்றினார்கள். பஸ்கள் நிற்கும் இடத்துக்குப் பக்கத்தில், டீசல் வாடை அடிக்கும் தகரக் கூரை அறை.

அவர் ராஜினாமா செய்வார் என்று செயலாளர் எதிர்பார்த்திருக்க வேண்டும். அவர் செய்யவில்லை. முதல் வாரத்திலேயே, எந்தப் பஸ்ஸும் நிற்காமல் காகிதத்தில் மட்டும் இருந்த ஒரு நிறுத்தத்தைக் கண்டுபிடித்து அட்டவணையிலிருந்து அடித்தார் என்று கேள்விப்பட்டேன்.

இரண்டாவது வாரம் என் மின்னஞ்சலில் ஒரு தகவல் வந்தது.

எங்கள் பட்டியலில் ஒவ்வொரு பதிவுக்கும் பக்கத்தில் 'குறை தெரிவிக்க' என்று ஒரு பட்டன் உண்டு. அதற்கு அனுமதி எதுவும் வேண்டாம். தெருவில் போகிறவர்கூடத் தட்டலாம். தட்டினால், பதிவைப் போட்டவருக்கு அது நேராகப் போய்ச் சேரும். போட்டவன் நான்.

'இந்த மின்நூல் திறக்கவில்லை. இன்று காலை 8.10க்குத் திறந்து பார்த்தேன்.' கீழே அவருடைய முழுப் பெயர், பணியாளர் எண்.

அன்றைக்கு மட்டும் பதினெட்டு வந்தது. மறுநாள் இருபத்திரண்டு. தாம்பரத்தில் ஏறி ஊரப்பாக்கத்தில் இறங்குகிற வரைக்கும், மாலையில் திரும்பும்போதும், மின்சார ரயிலில் உட்கார்ந்து போனில் ஒவ்வொன்றாகத் திறந்து பார்த்து அனுப்பிக்கொண்டிருந்தார். வரிசை மாறாமல், அகர வரிசைப்படி. நடுவில் எப்போதாவது ஒன்று, 'குறை இல்லை. இது திறக்கிறது. இருக்கட்டும்' என்று வரும்.

முதலில் நான் எல்லாவற்றையும் 'ஆய்வில் உள்ளது' என்று போட்டு மூடிவந்தேன். ஒரு மாதத்தில் அது ஐந்நூறு தாண்டியது. மேலாளர் பார்த்துவிட்டு, "மொத்தமா நிராகரிச்சுடு" என்றார். எல்லாவற்றையும் தேர்ந்தெடுத்து, நிராகரிக்கும் பட்டனுக்கு மேல் சுட்டியைக் கொண்டுபோய் வைத்தேன். அங்கேயும் கீழே ஒரு வரி இருந்தது: 'சரிபார்த்து நிராகரித்தவர்.' அதற்குப் பக்கத்தில் என் பெயர்.

சரிபார்த்து. நான் ஒன்றைக்கூடத் திறந்து பார்த்ததில்லை.

எல்லாத் தேர்வையும் எடுத்துவிட்டு, பட்டியலின் முதல் புத்தகத்தைத் தட்டினேன். திறக்கவில்லை. அதன் பதிவைப் பொதுமக்கள் கண்ணிலிருந்து மறைத்தேன். 'சரிபார்த்தேன். நீக்கப்பட்டது' என்று பதில் போட்டேன். இரண்டாவதைத் தட்டினேன்.

அன்றிலிருந்து அதுதான் நடந்தது. அவர் அனுப்புவார், நான் திறந்து பார்த்து நீக்குவேன். அவர் எனக்கு ஒரு வார்த்தை நன்றி எழுதவில்லை. நானும் எதுவும் எழுதவில்லை. தாம்பரம் நடைமேம்பாலத்தில் ஒரு தடவை எதிரெதிரே வந்தோம். நின்று பேசக் கூட்டம் விடவில்லை. தலையை அசைத்துவிட்டுப் போனார். அந்த அசைப்பு எனக்கு ஒரு வாரத்துக்குப் போதுமானதாக இருந்தது.

செயலாளர் ஆறேழு மாதம் கழித்துத்தான் கவனித்தார். ஏதோ அறிக்கைக்கு எண்ணிக்கை எடுத்திருக்கிறார்.

"ஆறாயிரம் இருந்துச்சு. இப்ப மூவாயிரம்கூடக் காட்டல. எங்க போச்சு?" என்று போனில் கேட்டார்.

"போகல சார். இருந்தாத்தானே போகும்."

 நானா அப்படிச் சொன்னேன் என்று எனக்கே ஆச்சரியமாக இருந்தது.

"யார் சொல்லி எடுத்தீங்க?"

"பதிவு என் பேர்ல இருக்கு சார். நான்தான் எடுத்தேன்."

மேலாளர் என்னைக் கூப்பிட்டுக் கத்தினார். அந்தக் கல்லூரியின் வேலையிலிருந்து என்னை எடுத்தார்கள். என் அனுமதியும் போனது. இரண்டாயிரத்துச் சொச்சம் பதிவு அப்படியே நின்றது. அவரிடமிருந்து தகவல்கள் மட்டும் நிற்காமல் வந்துகொண்டிருந்தன. என்னால் இனி எதையும் நீக்க முடியாது என்று ஒரே ஒரு தடவை அவருக்கு எழுதினேன். 'பரவாயில்லை. நான் சொல்வதைச் சொல்கிறேன்' என்று பதில் வந்தது. மறுநாள் இருபது.

இதற்குள் நூலகத்தில் வேலை முடங்கிவிட்டது. அவர் இடத்துக்கு எடுத்த இருவரும் நிலைக்கவில்லை. புதிய புத்தகங்கள் பெட்டி பிரிக்காமல் கிடந்தன. மாணவர்கள் துறைத் தலைவர்களிடம் போய்ச் சண்டை போட்டார்கள். நூலகருக்கு ஓய்வு பெற மூன்று வாரம் இருந்தது. அவரே பஸ் அலுவலகத்துக்கு நடந்துபோனார்.

"செயலாளர் ஒத்துக்கிட்டாரும்மா. ஆனா எழுத்துல வேணுமாம். வருந்துகிறேன்னு ஒரு வரி எழுதிக் குடுத்துடு. நான் போறதுக்குள்ள உன்னை உன் நாற்காலியில பாத்துட்டுப் போறேன்."

இந்தத் தடவை அவர் முடியாது என்று சொல்லவில்லை. ஒரு தாள் கேட்டு வாங்கி, அங்கேயே எழுதிக் கொடுத்தார்.

அந்தச் சனிக்கிழமை மதியம் எனக்குப் போன் செய்து தாம்பரம் ஸ்டேஷனுக்கு வரச் சொன்னார். நடைமேடை பெஞ்சில் உட்கார்ந்திருந்தார். பையிலிருந்து ஒரு நகலை எடுத்து நீட்டினார். அவர் கையெழுத்தில் நாலே வரி.

'மின்நூல் பதிவுகள் ஏற்றப்பட்ட நாளில் நான் என் பெயரை மட்டும் காப்பாற்றிக்கொண்டேன். நூலகப் பட்டியலைக் காப்பாற்றத் தவறினேன். அதற்காக மனமார வருந்துகிறேன். இனி அத்தவறு நிகழாது என உறுதி கூறுகிறேன்.'

ஓரத்தில் பச்சை மையில், 'ஏற்றுக்கொள்ளப்பட்டது. திங்கள் முதல் நூலகப் பணியில் சேரலாம்' என்று செயலாளரின் கையெழுத்து.

"படிச்சாரா மேடம்?"

"அவர் எதைத் திறந்து பாத்திருக்காரு?"

எனக்குச் சிரிப்பு வந்தது. அவர் சிரிக்கவில்லை.

"கிண்டலுக்கு எழுதல சார். நிஜமாத்தான் எழுதினேன். அன்னைக்கு நீங்க தட்டும்போது நான் பின்னாலயே நின்னேன். உங்க கையைப் பிடிச்சிருக்கலாம். என் பேர் இல்லாமப் பாத்துக்கிட்டேன், உங்க பேர் போகட்டும்னு விட்டுட்டேன். நேர்மையா இருக்கறதா நினைச்சுக்கிட்டேன்." நகலை என் கையிலிருந்து வாங்கி மடித்தார். "அதுக்குத்தான் அந்தக் கடுதாசி. அவருக்கு எழுதினதா இருந்தாலும் உங்ககிட்டத்தான் காட்டணும்னு தோணுச்சு."

 செங்கல்பட்டு வண்டி வந்து நின்று, இறங்க வேண்டியவர்கள் இறங்கி, போய்விட்டது. அதற்குப் பிறகும் கொஞ்ச நேரம் உட்கார்ந்திருந்தோம்.

திங்கட்கிழமை நடந்ததை நூலகர் எனக்குப் போனில் சொன்னார். அவர் சொன்ன வேகத்தில், அந்த மனிதருக்குப் பத்து வயது குறைந்துவிட்டது போலிருந்தது. இவர் ஒன்பதரைக்கு வந்தாராம். முதலில் தன் பழைய அனுமதியை முழுசாகத் திருப்பிக் கேட்டு வாங்கியிருக்கிறார். பிறகு புதுப் பெட்டி எதையும் தொடவில்லை. ரயிலில் உட்கார்ந்து சரிபார்த்து முடித்திருந்த கடைசிப் பட்டியலைப் பையிலிருந்து எடுத்து வைத்துக்கொண்டு, மதியச் சாப்பாட்டுக்கு முன்பே, திறக்காத அத்தனை பதிவையும் நீக்கிவிட்டார்.

இரண்டு மணிக்கு நூலகத்துப் போன் அடித்ததாம். செயலாளர். நூலகர் ரிசீவரை இவரிடம் கொடுத்திருக்கிறார்.

"என்னம்மா இது? வருந்துகிறேன்னு எழுதிக் குடுத்துட்டு என்ன வேலை பண்றீங்க?"

"எழுதிக் குடுத்த வேலையைத்தான் சார் பண்றேன். கடுதாசி உங்க ஃபைல்ல இருக்கு. எடுத்துப் படிச்சுப் பாருங்க" என்று சொல்லிவிட்டு, ரிசீவரை வைத்துவிட்டு, அவர் முதல் பெட்டியைப் பிரித்தாராம்.